விளிம்பில் எழுதப்படும் விடை

ஓர் எஃகு உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். மேலே சீராகப் பரவிய சுமை. இரு முனைகளையும் சுழல விட்டுத் தாங்கினால் அது நடுவில் 10 மி.மீ. தொய்கிறது என்று வைத்துக்கொண்டால், முனைகள் சுழலவே முடியாதபடி இறுக்கிப் பிடிக்கும்போது தொய்வு 2 மி.மீ.தான். நடுவிலுள்ள வளைவுத் திருப்புமை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. முன்பு திருப்புமையே இல்லாதிருந்த முனைகளில் இப்போது நடுப்பகுதியில் உள்ளதைப் போல இரு மடங்கு வந்து சேர்கிறது. நீளம், குறுக்குவெட்டு, எஃகு, சுமை எதுவும் மாறவில்லை. ஆனால் தொய்வு ஐந்து மடங்கு மாறிவிட்டது. முதலில் உடையும் இடமும் மாறிவிட்டது.

பொறியியல் படிப்பின் தொடக்க ஆண்டுகளிலேயே கற்பிக்கப்படும் கணக்கு இது. பகுப்பாய்வு மென்பொருளில் இந்த இரு விடைகளுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு சொடுக்கு. முப்பரிமாண வடிவத்தை வரைய நாள்கணக்கில் உழைக்கிறோம். மெஷ் நேர்த்தியாக விழும் வரை திரும்பத் திரும்ப அமைக்கிறோம். பொருளின் பண்புகளைச் சோதனைச் சான்றிதழ் பார்த்து எழுதுகிறோம். எல்லை நிபந்தனைகளை மட்டும் போகிற போக்கில் கொடுத்துவிடுகிறோம். விடையை அதிகமாகத் தீர்மானிக்கும் உள்ளீட்டுக்கு மிகக் குறைந்த நேரம் கொடுக்கும் இந்தப் பழக்கம்தான், பொறியியல் உருவகப்படுத்தலில் இன்று கவலைப்பட வேண்டிய முதல் விஷயம் என்பது என் துணிபு.

கணிமாதிரி எதுவானாலும் அது உலகத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. பாலத்தின் ஒரு கண், குழாயின் ஒரு வளைவு, மின்சுற்றுப் பலகையில் சூடாகும் ஒரு சில்லு. துண்டுக்குள் நடப்பதை மென்பொருள் சமன்பாடுகளைத் தீர்த்துச் சொல்லும். வெட்டிய பரப்புக்கு அப்பால் இருப்பது அதற்குத் தெரியாது. அங்கே நிற்பது பாறையா களிமண்ணா, வருவது சீரான காற்றா சுழன்று வரும் காற்றா என்பதைப் பொறியாளர் சொல்லியாக வேண்டும். அவர் சொல்வதை மென்பொருள் மறுபேச்சின்றி உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

இந்தச் சிக்கல் கணினியை விடப் பழையது. அதிரும் மெல்லிய தகட்டின் கணிதத்துக்காக சோஃபி ஜெர்மெய்ன் 1816-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். தகட்டின் சமன்பாடு மெல்ல மெல்ல உருப்பெற்றுவிட்டது. விளிம்பில் என்ன எழுதுவது என்பதுதான் பிடிபடாமல் நின்றது. எதிலும் பிடிக்கப்படாத விளிம்பில் மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்றார் புவாசான். வெட்டு விசை, வளைவுத் திருப்புமை, முறுக்குத் திருப்புமை மூன்றும் அங்கே சுழியம் என்பது பார்வைக்கு நியாயமாகவே படுகிறது. 1850-இல் கிர்க்காஃப் இரண்டுக்கு மேல் இடமில்லை என்று நிறுவினார். அந்தச் சமன்பாடு ஒரு விளிம்புக்கு இரண்டையே ஏற்கும். முறுக்கும் வெட்டு விசையும் சேர்ந்து ஒரே நிபந்தனையாகிவிடுகின்றன. அக்காலத்தின் முதல்தரக் கணித அறிஞர் ஒருவரே விளிம்பில் தடுமாறினார் என்பதை, ஃபிக்ஸட் சப்போர்ட் என்ற பொத்தானை யோசிக்காமல் அழுத்தும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

பின்னர் கணிதம் இதை ஒழுங்குபடுத்தியது. விளிம்பில் அளவையே கொடுத்துவிடுவது டிரிஷ்லே வகை: இந்தப் பரப்பின் வெப்பநிலை 80 பாகை, இந்த முனையின் இடப்பெயர்ச்சி சுழியம். விளிம்பைக் கடந்து செல்வது எவ்வளவு என்று கொடுப்பது நாய்மன் வகை: இவ்வளவு வெப்பம் பாய்கிறது, இவ்வளவு அழுத்தம் தள்ளுகிறது. இரண்டையும் ஒரு விகிதத்தில் இணைப்பது ரொபென் வகை. காற்றால் குளிரும் பரப்பும், ஸ்பிரிங் மேல் நிற்கும் அடித்தளமும் இதில் அடங்கும். சரியாக அமைந்த கணக்குக்கு விடை இருக்க வேண்டும், ஒரே விடை இருக்க வேண்டும், உள்ளீட்டைச் சிறிது மாற்றினால் விடையும் சிறிதே மாற வேண்டும் என்ற வரையறை ஆதமார் 1902-இல் முன்வைத்த கருத்திலிருந்து வந்தது. எல்லை நிபந்தனைகளைக் குறைத்துக் கொடுத்தால் இரண்டாவது விதி உடையும். கூட்டிக் கொடுத்தால் முதல் விதி உடையும்.

இரண்டாவது விதி உடைவதை மென்பொருள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். முப்பரிமாணத்தில் ஒரு பொருள் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். இந்த ஆறில் ஒன்றைத் தடுக்க மறந்தாலும் பொருள் வெட்டவெளியில் மிதக்கும். அணி தலைகீழாக்க முடியாதது என்ற பிழைச்செய்தி வரும். எல்லாப் பரப்பிலும் வெப்பப் பாய்வை மட்டும் கொடுத்து மாறாநிலை வெப்பக் கணக்கைப் போட்டாலும் நடப்பது இதுவே. வெப்பநிலை வேறுபாடு தெரியும், வெப்பநிலை எவ்வளவு என்பது தெரியாது. அமுங்காப் பாய்மத்துக்கு நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் திசைவேகத்தையே கொடுத்தால் அழுத்தம் இதே போல் மிதக்கும். கட்டடப் பொறியாளர், வெப்பப் பொறியாளர், பாய்மப் பொறியாளர் மூவரும் தனித்தனியாகத் திட்டித் தீர்க்கும் பிழை உண்மையில் ஒன்றுதான்.

கூட்டிக் கொடுப்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதற்கு அநேகமாகப் பிழைச்செய்தி வராது. ஓர் எஃகுக் கம்பியின் இரு முனைகளையும் அசையாமல் பூட்டிவிட்டு 50 பாகை சூடாக்கினால் அதில் 120 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு ஏறும். தகட்டை இரு திசைகளில் பூட்டினால் சுமார் 171. சாதாரணக் கட்டுமான எஃகு இணங்கும் தகைவு 250 என்பதை நினைத்தால், வெளிச்சுமை எதுவும் வருவதற்கு முன்பே வலிமையின் பெரும்பகுதி தீர்ந்துபோகிறது. உண்மையில் அந்தத் தகடு போல்ட் துளைகளின் இடைவெளியில் சிறிது நகர்ந்து, தாங்கும் சட்டத்தையும் சிறிது தள்ளி, பெரும்பங்கைத் தளர்த்தியிருக்கும். மாதிரியில் அதற்கு வழியில்லை. விரிய வேண்டிய பொருளை விரியவும் விட்டு மிதக்காமலும் பிடிக்க ஒரு பழைய உத்தி உண்டு: ஒரு புள்ளியில் மூன்று திசைகளையும், இரண்டாவதில் இரண்டையும், மூன்றாவதில் ஒன்றையும் மட்டும் தடுப்பது. ஆறு தடைகள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடிப்படைப் பாடமாக இதைக் கற்பிக்காத மென்பொருள் பயிற்சி வகுப்புகளை நான் குறையுள்ளவை என்றே கருதுகிறேன்.

பூட்டிய விளிம்பின் மூலையில் தோன்றும் செந்நிறப் புள்ளியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரு புள்ளியில் செலுத்தும் விசையும், கூர்மையாகத் தொடங்கும் பூட்டும் கோட்பாட்டளவிலேயே எல்லையற்ற தகைவைத் தரக்கூடியவை. மெஷ்ஷைச் செறிவாக்கச் செறிவாக்க அந்த எண் ஏறிக்கொண்டே போகும். செயின்ட்-வெனான் 1855-இல் தந்த கொள்கை இங்கே துணைக்கு வருகிறது: சுமை அல்லது பிடிப்பு எப்படிப் பரவியிருக்கிறது என்ற நுணுக்கத்தின் தாக்கம், அந்தப் பகுதியின் அளவுக்கு ஒப்பான தொலைவிலேயே மங்கிவிடும். ஆகவே ஆர்வமுள்ள இடத்திலிருந்து விளிம்பைத் தள்ளி வைக்கலாம். ஆனால் இந்தக் கொள்கையை எல்லாவற்றுக்கும் மன்னிப்பாக நீட்டுவது தவறு. மங்குவது பரவலின் நுணுக்கம் மட்டுமே. முனை சுழலுமா சுழலாதா என்ற தீர்ப்பு எவ்வளவு தொலைவு போனாலும் மங்காது. தொடக்கத்தில் பார்த்த உத்தரத்தில் அது முழு நீளத்துக்கும் பரவியது.

முழுப் பிடிப்பு என்பது உலகில் இல்லை என்று கட்டுமான விதிநூல்களே வெளிப்படையாக ஒத்துக்கொள்கின்றன. இரு முனைகளும் முழுமையாகப் பிடிக்கப்பட்ட தூணின் பயனுறு நீளம் கோட்பாட்டின்படி உண்மை நீளத்தில் 0.5 பங்கு. இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, அட்டவணையில் அந்த 0.5-ஐ எழுதிவிட்டு, பக்கத்திலேயே 0.65-ஐப் பயன்படுத்தச் சொல்கிறது. நெளிவுச் சுமை நீளத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால், இந்தச் சிறு மாற்றம் கணக்கிட்ட தாங்குதிறனில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டைக் கழித்துவிடுகிறது. அனுபவம் எழுதிவைத்த இந்தக் கழிவு எந்த ஃபைனைட் எலிமென்ட் பொத்தானுக்குள்ளும் இல்லை. பொத்தானை அழுத்துபவர் கோட்பாட்டின் 0.5-ஐத்தான் பெறுகிறார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டின் கதையை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. அங்கே சுமார் 91 மீட்டருக்கு 110 மீட்டர் பரப்பில் எஃகுக் கம்பிகளால் பின்னிய முப்பரிமாணச் சட்டகக் கூரையோடு ஓர் உள்ளரங்கம் எழுந்தது. அந்நாளில் கணினிப் பகுப்பாய்வை நம்பி வடிவமைக்கப்பட்ட துணிச்சலான கட்டமைப்பு அது. மேல்வரிசைக் கம்பிகள் அமுக்கத்தைத் தாங்குபவை. ஒவ்வொன்றும் நடுவில் பக்கவாட்டில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று கணக்கு எடுத்துக்கொண்டது. கட்டியெழுப்பிய கூரையில் அந்தப் பிடிப்பு வலுவற்றிருந்தது. சுற்றோரக் கம்பிகளில் ஒரு திசையில் அது இல்லவே இல்லை. பிடிப்பில்லாத நீளம் இரட்டித்தால் ஆய்லரின் கணக்குப்படி நெளிவுச் சுமை நாலில் ஒரு பங்குதான். கட்டும்போதே கூரை கணித்ததைப் போல இரு மடங்கு தொய்ந்தது அளக்கப்பட்டது. கணக்குக்கும் நடப்புக்கும் இப்படி வேறுபாடு வருவது இயல்பே என்று அது கடந்து செல்லப்பட்டது. 1978 ஜனவரி 18 அதிகாலையில், பனி படிந்திருந்த வேளையில், கூரை முழுவதும் தரையில் விழுந்தது. சில மணி நேரத்துக்கு முன்புவரை அங்கே கூடைப்பந்து ஆட்டம் பார்க்க ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருந்தார்கள். விழும்போது அரங்கில் யாருமில்லை.

இதோடு ஒப்பிட வேண்டியது நார்வேயின் ஸ்லைப்னர் எண்ணெய் மேடை. 1991 ஆகஸ்ட் 23 அன்று அதன் கான்கிரீட் அடிப்பகுதி கடலில் மூழ்கியது. அங்கே குறை மெஷ்ஷில் இருந்தது. அறைகள் சந்திக்கும் சுவர்களில் வெட்டுத் தகைவை அது 47 விழுக்காடு குறைத்துக் காட்டியது. இரண்டும் கணிமாதிரியின் பிழைகள்தாம். ஆனால் மெஷ் பிழைக்கு மருந்து கணிமாதிரிக்கு உள்ளேயே இருக்கிறது. செறிவாக்கிப் பார்த்தால் விடை நகரும், நகர்வதே எச்சரிக்கையாகும். எல்லை நிபந்தனைப் பிழையில் அந்த வசதி இல்லை. தவறான விளிம்போடு மெஷ்ஷை எவ்வளவு செறிவாக்கினாலும் விடை அழகாக ஒருங்கும், தவறான இடத்தில். ஒருங்குதல் வரைபடத்தை அறிக்கையில் ஒட்டி நம்பகத்தன்மை காட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அது பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது.

ஒன்றும் சொல்லாமல் விட்ட பரப்புக்கும் ஒரு நிபந்தனை போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஃபைனைட் எலிமென்ட் முறையில், தொடாமல் விட்ட பரப்பு விசையற்றதாகவும், வெப்பக் கணக்கில் வெப்பம் கடக்காததாகவும் தானாகவே ஆகிவிடும். அந்த முறையின் கணித அமைப்பே அப்படி. சூடாகும் ஒரு பெட்டியின் அடிப்பக்கத்துக்குக் குளிர்ச்சி கொடுக்க மறந்தால், அதற்குக் கெட்டியான வெப்பக் காப்பு போட்டதாகவே கணக்கு ஓடும். பாய்மக் கணக்கு மென்பொருளான ஃபுளூயன்ட்டில் வெளிப்பரப்புக்குப் பயனர் வகை சொல்லாவிட்டால் அது அசையாத சுவர் என்று எடுத்துக்கொள்ளப்படும். இந்த வகையில், அதே துறையின் ஓப்பன்ஃபோம் மென்பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பரப்புக்கும் ஒவ்வொரு அளவுக்கும் நிபந்தனையை எழுத்தில் கேட்கும். இல்லையென்றால் ஓட மறுக்கும். புதிதாக வருபவர்களை அது எரிச்சலூட்டும். ஆனாலும் பொறியாளரைப் பேச வைக்கும் மென்பொருள்தான் நல்ல மென்பொருள்.

சமச்சீர் விளிம்பு மேலும் நுட்பமான கண்ணி. பாதியை மட்டும் தீர்த்தால் நேரம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் சமச்சீர் நிபந்தனை, விடையும் சமச்சீராகவே இருக்க வேண்டும் என்று ஆணையிடுகிறது. உருளையின் குறுக்கே பாயும் நீர், ரெனால்ட்ஸ் எண் சுமார் 47-ஐத் தாண்டியதும் மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கத் தொடங்கும். நடுக்கோட்டில் வெட்டிப் பாதியைத் தீர்ப்பவருக்கு அந்தச் சுழல்கள் ஒருபோதும் தெரியாது. சாந்தமான பாய்வு தெரியும், இழுவிசையும் பிழையாக வரும். பக்கவாட்டில் சாயும் வளைவின் நெளிவும், எதிர்ச்சமச்சீர் அதிர்வு வகைகளும் இதே போல் மறைந்துவிடும். வடிவமும் சுமையும் சமச்சீராக இருப்பது போதாது; விடை அந்தச் சமச்சீரை உடைக்காது என்பதற்கும் காரணம் வேண்டும்.

பாய்மக் கணக்கில் விளிம்புச் சிக்கல் இன்னும் கடுமை. காரணம், அங்கே விளிம்பு பெரும்பாலும் திறந்தவெளி. குழாயின் நுழைவாயிலில் சீரான திசைவேகத்தைக் கொடுப்பது எல்லாரும் செய்வது. அடுக்குப் பாய்வு முழு வடிவம் பெற, ரெனால்ட்ஸ் எண் 1000 என்றால், குழாய் விட்டத்தைப் போல 50 முதல் 60 மடங்கு நீளம் வேண்டும். 25 மி.மீ. குழாயில் இது ஒன்றேகால் மீட்டருக்குக் குறையாது. மாதிரியில் 20 செ.மீ. குழாய்தான் இருக்கிறதென்றால், பொறியாளர் தீர்த்தது வேறொரு கணக்கு: முழு வடிவம் பெற்ற பாய்வில் நடுத் திசைவேகம் சராசரியைப் போல இரு மடங்கு இருக்க வேண்டும், அவருடையதில் அது வந்திருக்காது; அழுத்த இழப்பும் கூடுதலாகத் தெரியும்.

வெளிவாயிலில் நடப்பது வேறு. ஒரு சுழல் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும்படி வெளிவாயிலை வைத்துவிட்டால் பாய்மம் அதன் வழியே உள்ளே திரும்பி வரும். வரும் பாய்மத்தின் வெப்பநிலை என்ன, கொந்தளிப்பு எவ்வளவு என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். ஃபுளூயன்ட் திரையில் எதிர்ப்பாய்வு எச்சரிக்கையை வரிவரியாக அச்சிட்டுக்கொண்டே போகும்; பலர் அதைப் பின்னணி இரைச்சலாகப் பழகிவிட்டார்கள். அந்த எச்சரிக்கை சொல்வது தெளிவு: வெளிவாயில் வைத்த இடம் சரியில்லை, தள்ளி வை.

எவ்வளவு தள்ளி என்ற கேள்விக்குக் காற்றுப் பொறியியலில் ஓரளவு உடன்பாடு பிறந்திருக்கிறது. கட்டடத்தைச் சுற்றிய காற்றோட்டத்துக்கு 2007-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி, நுழைவாயில் கட்டட உயரத்தைப் போல 5 மடங்கு முன்னும், வெளிவாயில் 15 மடங்கு பின்னும் இருக்கச் சொல்கிறது. பாய்வுப் பாதையில் கட்டடம் அடைக்கும் பரப்பு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. 50 மீட்டர் கட்டடத்துக்குப் பின்னால் முக்கால் கிலோமீட்டர் வெற்றுவெளி. கணினிச் செலவு கருதி இதைச் சுருக்குபவர்கள், பக்கச் சுவர்களுக்கிடையே காற்றைப் பிழிந்து வேகத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

நுழைவாயிலில் உயரத்துக்கேற்பக் கூடும் வேகத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணத்தையும் ஆய்வுகள் கலைத்துவிட்டன. ரிச்சர்ட்ஸும் ஹாக்ஸியும் 1993-இல் காட்டியது இது: வேகம், கொந்தளிப்பு ஆற்றல், அதன் சிதைவு, தரையின் கரடு, மேல் விளிம்பு ஆகிய எல்லாம் தேர்ந்தெடுத்த கொந்தளிப்பு மாதிரியோடு ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். இசையாவிட்டால் கட்டடத்தை அடையும் முன்பே காற்றின் வடிவம் வெறுந்தரையிலேயே மாறிப்போகும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டடத்தை எடுத்துவிட்டு வெற்றுவெளியை மட்டும் ஓட்டி, கட்டடம் நிற்கப்போகும் இடத்தில் காற்று கொடுத்த வடிவத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பது. செலவு குறைந்த, பலன் மிகுந்த இந்தச் சோதனையைக் கேட்காமல் ஒரு காற்று அறிக்கையை ஏற்கக் கூடாது என்பேன்.

தள்ளி வைப்பது தீர்வாகாத இடமும் உண்டு. அலை எவ்வளவு தொலைவானாலும் பயணித்து, செயற்கை விளிம்பில் மோதித் திரும்பி வரும். நில அதிர்வில் மண்ணுக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவை ஆராயும்போது மண்ணைப் பெட்டி போல் வெட்டிச் சுற்றிலும் பூட்டினால், வெளியே போக வேண்டிய ஆற்றல் பெட்டிக்குள்ளேயே அலைந்து கட்டடத்தை மீண்டும் மீண்டும் உலுக்கும். லிஸ்மரும் கூலமையரும் 1969-இல் விளிம்பில் பாகியல் தணிப்பான்களை வைத்து அலையை விழுங்கச் செய்தார்கள். மின்காந்த அலைகளுக்கு பெராஞ்சே 1994-இல் தந்த உறிஞ்சு அடுக்கு, ஒலி, நில அதிர்வு என்று மற்றத் துறைகளுக்கும் பரவிவிட்டது. இந்த வழியில் விளிம்பு ஒரு நிபந்தனை என்ற நிலையைத் தாண்டி, வெளியுலகத்தின் சிறு பிரதியாகவே ஆகிவிடுகிறது. அடித்தள மண்ணை ஸ்பிரிங்குகளாக மாற்றிய விங்க்லரின் 1867 யோசனைக்கும் உள்நோக்கம் இதுதான். கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளான ஸ்டாட் புரோவில் ஃபிக்ஸட், பின்ட் என்று இரண்டோடு நிற்காமல் ஸ்பிரிங் மதிப்பைக் கேட்கும் பெட்டியும் இருப்பதை இளம் பொறியாளர்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும்.

அந்த ஸ்பிரிங் மதிப்பு யாருக்குத் தெரியும் என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. மண் அறிக்கை ஒரு வீச்சைத்தான் தரும். போல்ட் இணைப்பின் சுழல் விறைப்பு அட்டவணைகளில் கிடைப்பது அரிது. இங்கே ஒற்றை எண்ணைத் தேடி அலைவதை விட, இரு ஓரங்களிலும் ஓட்டிப் பார்ப்பதே நேர்மையானது. முனைகளை முழுப் பிடிப்பாக வைத்து ஒரு முறை, சுழல விட்டு ஒரு முறை. இரண்டிலும் வடிவமைப்பு தாங்கினால் கேள்வி முடிந்தது. ஒன்றில் தாங்கி மற்றதில் தோற்றால், அளவீட்டுக்கு எங்கே பணம் செலவிட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இரு முனையும் சுழலும் உத்தரத்தின் முதல் அதிர்வெண்ணைப் போல இறுக்கிப் பிடித்ததன் அதிர்வெண் 2.27 மடங்கு. இயந்திரம் சுழலும் அதிர்வெண் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறதென்றால், எந்த ஒற்றை மாதிரியும் தரும் ஆறுதல் பொய்யானது.

தாங்கிகளில் எழும் எதிர்விசைகளைக் கூட்டி, செலுத்திய சுமையோடு ஒப்பிடுவது கட்டாயப் பழக்கமாக வேண்டும். கூட்டுத்தொகை சரியாக வருவது மட்டும் போதாது; ஒவ்வொரு தாங்கியிலும் எவ்வளவு, எந்தத் திசையில் என்று பார்க்க வேண்டும். வெறுமனே மேலே வைத்த அடித்தட்டைத் தரை கீழ்நோக்கி இழுப்பதாகத் தெரிந்தால், அங்கே மாதிரி வைத்திருப்பது உலகில் இல்லாத பசை.

மென்பொருள்களைச் சோதிக்க 1983-இல் பிரிட்டனில் தொடங்கிய நாஃபெம்ஸ் போன்ற அமைப்புகள் நல்ல அளவுகோல் கணக்குகளைத் தந்திருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு விளிம்பின் நிபந்தனையும் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கும். மென்பொருளைச் சோதிக்க அதுவே சரி. ஆனால் அந்தக் கணக்குகளில் தேறிவிட்டேன் என்று சொல்லும் பொறியாளர், விளிம்பைத் தீர்மானிக்கும் வேலையை ஒருமுறையும் செய்யவில்லை. அது அவர் கையில் தயாராகக் கொடுக்கப்பட்டிருந்தது. பயிற்சியின் இந்த வெற்றிடத்தைக் கல்லூரிகள் நிரப்பலாம். விளிம்பு குறிக்கப்படாத, நிஜமான ஒரு பிராக்கெட்டின் புகைப்படத்தைத் தேர்வில் கொடுத்து, எங்கே வெட்டுவாய், என்ன எழுதுவாய், ஏன் என்று கேட்பது ஒரு தொடக்கமாகும்.

தானியங்கி வடிவமைப்பு வந்தபின் இந்த அக்கறை இரட்டிப்பாகிறது. பொருளை எங்கே வைக்கலாம், எங்கே நீக்கலாம் என்று தானே தேடும் உகமமாக்கல் நிரல்கள் கிடைத்த பிடிப்பை ஈவிரக்கமின்றிப் பயன்படுத்திக்கொள்ளும். போல்ட் துளையின் முழு வட்டத்தையும் ஃபிக்ஸட் என்று கொடுத்தால், துளையின் எந்தப் பக்கமும் இழுவிசையைத் தாங்கும் என்று நிரல் நம்பும். போல்ட்டோ துளைச் சுவரைத் தள்ளத்தான் முடியும், பற்றி இழுக்க முடியாது. நிரல் தரும் கண்ணைக் கவரும் மெல்லிய வடிவத்தின் ஒரு கால், இல்லாத பிடிப்பின் மேல் ஊன்றி நிற்கும். மனித வடிவமைப்பாளரின் கை தயக்கத்தோடு விட்டுவைத்திருக்கும் மிகைப் பொருள் அங்கே துளியும் இராது.

கட்டி முடித்த பின்னும் விளிம்பு மாறிக்கொண்டிருக்கிறது. பாலத்தின் ஒரு முனையில் உருளைத் தாங்கி இருப்பது வெயிலில் பாலம் நீள இடம் கொடுக்கத்தான். தூசியும் துருவும் சேர்ந்து அது இறுகிப்போனால், வரைபடத்தில் உருளையாக இருப்பது நிஜத்தில் பூட்டாகிவிடும். தாங்கும் தூணின் தலையில் யாரும் கணக்கிடாத தள்ளுவிசை ஏறும். பழைய பாலங்களில் அதிர்வை அளந்து, அந்த அளவோடு ஒத்துப்போகும்வரை கணிமாதிரியின் தாங்கி விறைப்பைத் திருத்தும் முறை இதற்காகத்தான் வளர்ந்திருக்கிறது. பாலத்தின் மேல் சில முடுக்கமானிகளை வைத்து, கடந்துபோகும் வண்டிகள் எழுப்பும் அதிர்வைப் பதிவு செய்தாலே இதற்குத் தொடக்கத் தரவு கிடைத்துவிடும். மறு ஆய்வுக்கு வரும் பாலத்துக்குப் பழைய உள்ளீட்டுக் கோப்பை அப்படியே திறந்து ஓட்டுவதற்கு முன், ஒருவர் பாலத்துக்கு அடியில் இறங்கி அந்த உருளை இப்போதும் உருள்கிறதா என்று பார்த்து வர வேண்டும்.